சாட்சியைப் பலியாக்கியவர்கள்: பெர்பேத்துவா, பெலிசித்தா பற்றிய இரண்டு சோம்பல் வாசிப்புகள்

கார்த்தேஜ் நகரின் அரங்கில் 203-ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று கொல்லப்பட்ட இரண்டு பெண்களைப் பற்றி இன்று இரண்டு வகைப் பேச்சுகளே பெரும்பாலும் காதில் விழுகின்றன. ஒன்று பீடத்திலிருந்து வருவது: பெர்பேத்துவாவும் பெலிசித்தாவும் விசுவாசத்துக்காகத் தங்களைப் பலியாக ஈந்த தியாகச் சுடர்கள். மற்றொன்று கருத்தரங்க மேடையிலிருந்து வருவது: இவையெல்லாம் பிற்காலத் திருச்சபை தன் அதிகாரத்தை நிலைநாட்டப் புனைந்த கதைகள், புனிதர் வணக்கம் என்பது பழைய தெய்வங்களுக்குப் புதுப்பெயர் சூட்டிய ஏற்பாடு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றும். ஆயினும் ஒரு காரியத்தில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன: அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்ற கேள்வியை இரண்டுமே கேட்பதில்லை. பக்தருக்கு அவர்கள் இறந்தது போதும். ஐயவாதிக்கு அவர்களைப் பற்றி எழுதியவனின் உள்நோக்கம் போதும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம்; சறுக்கல் அங்கேதான் நிகழ்ந்தது. கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்றால் சாட்சி. நீதிமன்றத்தில் நின்று தான் கண்டதைச் சொல்பவரைக் குறித்த அன்றாடச் சொல் அது. சாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாம் நூற்றாண்டில், ஸ்மிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பின் மரணத்தைக் கூறும் மடலை எட்டும்போது, சாட்சி சொல்லி அதன் பொருட்டே உயிர் துறந்தவர் என்னும் சிறப்புப் பொருள் அதற்கு வந்துவிடுகிறது. இந்தப் பொருள் மாற்றம் ஓசையின்றி நடந்துவிடவில்லை. 177-ஆம் ஆண்டு லியோனில் சிறைப்பட்டவர்களைப் பற்றிய மடலொன்றை எவுசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் படியெடுத்து வைத்திருக்கிறார். பலமுறை வதைக்கப்பட்டும் உயிரோடிருந்த அக்கைதிகள், தங்களை 'மார்த்துஸ்' என்று அழைத்தவர்களைக் கடிந்துகொண்டார்களாம். அப்பெயர் கிறிஸ்துவுக்கும், சாட்சியத்தை முடித்து இறந்தவர்களுக்கும் உரியது. தாங்கள் எளிய அறிக்கையாளர்கள் மட்டுமே என்பது அவர்கள் வாதம். ஒரு சொல்லின் பொருளெல்லை எதுவென்று மனிதர்கள் விலங்கு பூட்டப்பட்ட நிலையில் வழக்காடியதற்கு இதைப் போன்ற சான்று பொருண்மையியல் நூல்களில் எளிதில் கிட்டாது.

இலத்தீனில் சாட்சிக்கு 'தெஸ்திஸ்' என்ற நல்ல சொல் இருந்தது. ஆனால் கிறிஸ்தவர்கள் அதைப் பயன்படுத்தாமல் கிரேக்கச் சொல்லையே கடன் வாங்கினர். கடன்சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. அது தான் பிறந்த வீட்டை மறந்துவிடும். ஐரோப்பிய மொழிகளில் 'மார்ட்டிர்' என்பதைக் கேட்பவருக்கு நீதிமன்றமோ சாட்சிக் கூண்டோ நினைவுக்கு வருவதில்லை. இரத்தம் மட்டுமே வருகிறது. சிரியாக்கின் 'சாஹ்தா', அரபியின் 'ஷஹீத்' ஆகியவை சாட்சி என்னும் வேரை விடாமல் பிடித்துக்கொண்டன. தமிழும் அப்படியே. வேதசாட்சி, இரத்தசாட்சி, மறைசாட்சி என்று காலத்துக்கும் சபைக்கும் ஏற்ப முன்னொட்டு மாறியதேயன்றிச் 'சாட்சி' மாறவில்லை. 2022 மே 15 அன்று புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட தேவசகாயம் இன்றும் 'மறைசாட்சி' என்றே அழைக்கப்படுகிறார். திருத்தூதர் பணிகள் 22-ஆம் அதிகாரத்தில் ஸ்தேவானைக் குறிக்குமிடத்தில் ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கிலப் பெயர்ப்பு 'மார்ட்டிர்' என்று போட்டுவிட்டது. தமிழ் விவிலியம் சாட்சி என்றே சொல்கிறது.

இவ்வளவு கூர்மையான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் மறையுரைகளும் கட்டுரைகளும் ஏன் 'தியாகி', 'பலி', 'உயிர்க்கொடை' என்று எழுதுகின்றன என்பது விளங்கவில்லை. ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதும் பழக்கம் ஒரு காரணம் ஆகலாம். எதுவாயினும் இழப்பு சிறிதன்று. தியாகி கொடுப்பவர், கொடுத்தவருக்கு நன்றி சொல்லி மாலை அணிவித்தால் கடமை முடிந்தது. சாட்சி சொல்பவர், சொன்னவரிடம் என்ன சொன்னீர் என்று கேட்டாக வேண்டும்.

பெர்பேத்துவா என்ன சொன்னார் என்பது கேட்கக்கூடிய நிலையில் இருக்கிறது. வீபியா பெர்பேத்துவா, நற்குடிப் பிறப்பும் கல்வியும் முறையான திருமணமும் உடையவர். வயது ஏறத்தாழ 22. கையில் பால்குடிக் குழந்தை. அவருடன் பிடிபட்டவர்கள் ரெவொகாத்துஸ், பெலிசித்தா, சத்தூர்னினுஸ், செக்குந்துலுஸ். பின்னர் சத்தூருஸ் என்பவர் தாமே வந்து சேர்ந்தார். இவர்களைப் பற்றிய 'பாஸியோ' என்னும் இலத்தீன் பனுவலில் மூன்று கைகள் தெரிகின்றன. முன்னுரையும், அரங்கில் நிகழ்ந்தவையும் பெயர் தெரியாத தொகுப்பாளருடையவை. நடுவே ஒரு காட்சி சத்தூருஸ் எழுதியது. மிகுதியான பகுதி பெர்பேத்துவா சிறையிலிருந்து எழுதியது என்று தொகுப்பாளர் தெளிவாகக் குறிக்கிறார். அப்பகுதியின் கடைசி வரியில் பெர்பேத்துவா, காட்சி நாளுக்கு முந்தைய நாள்வரை தாம் எழுதிவிட்டதாகவும், அரங்கில் நடப்பதை எழுத விரும்புபவர் எழுதிக்கொள்ளலாம் என்றும் கூறி நிறுத்திக்கொள்கிறார்.

அவர் எழுதியவற்றில் வீரவசனம் மிகக் குறைவு. சிறையின் இருட்டும் நெரிசலும் புழுக்கமும் அச்சுறுத்தியதை ஒளிவின்றி எழுதுகிறார். பசியால் வாடிய குழந்தைக்குப் பால் கொடுத்ததையும், குழந்தை தம்மோடிருக்க அனுமதி கிடைத்ததும் அதே சிறை மாளிகைபோல் ஆகிவிட்டதையும் எழுதுகிறார். தந்தை விசாரணைக்கு முன் வந்து கெஞ்சுகிறார். அங்கே ஒரு குடத்தைக் காட்டி, இதை இதன் பெயரல்லாத வேறொன்றால் அழைக்க முடியுமா என்று மகள் கேட்கிறாள். முடியாது என்கிறார் தந்தை. அப்படியானால் தன்னையும் கிறிஸ்தவள் என்பதன்றி வேறு பெயரால் அழைத்துக்கொள்ள முடியாது என்கிறாள். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றிய வாதம் இது. தான் இறப்பதற்குத் தயார் என்று அவள் சொல்லவில்லை. பொய்யான பெயரை ஏற்க மாட்டேன் என்கிறாள். சாட்சி பேசும் பேச்சு இதுதான்.

அடுத்த சந்திப்பில் தந்தை காலில் விழுந்து அழுகிறார். அப்போது அவர் தன்னை 'ஃபீலியா', அதாவது மகள், என்று விளிப்பதை விட்டுவிட்டுத் 'தோமினா', அதாவது தலைவி, என்று விளித்ததைப் பெர்பேத்துவா கவனித்துக் குறித்து வைக்கிறார். விளிச்சொல் மாறியதில் ஒரு குடும்பத்தின் அதிகார அடுக்கே புரண்டதை உணர்ந்த எழுத்தாளர் அவர். தந்தையை 'நீ' என்று அழைக்கலாமா, அண்ணன் தங்கையை எப்படி அழைப்பார் என்பவை இன்றும் வழக்குக்குரியனவாக உள்ள மொழியில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரியின் கனம் தனியே சொல்ல வேண்டியதில்லை. பின்னர் ஹிலாரியானுஸ் என்னும் அதிகாரி அம்முதியவரைக் கோலால் அடிக்கச் செய்கிறான். தன்மேலேயே அடி விழுந்ததுபோல் வலித்தது என்று மகள் எழுதுகிறார். தந்தையை எதிர்ப்பதும் அவருக்காக நோவதும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. புனிதர் வரலாறு எழுதுவோர் இப்படி எழுதுவதில்லை.

இங்கேதான் கருத்தரங்க ஐயவாதி குறுக்கிடுவார்: பெண் எழுதியது போல் எழுதத் தெரிந்த ஆண் ஒருவன் இதை ஏன் புனைந்திருக்க முடியாது? பிறர் குரலில் பேசிப் பழகுவது உரோமச் சொற்பொழிவுக் கல்வியின் ஒரு பயிற்சியே அல்லவா? ஆம், முடியும். முடியும் என்பதால் நடந்தது என்று ஆகிவிடாது. மொழிச் சான்றைப் பார்க்க வேண்டும். வாக்கிய முடிவுகளில் நெட்டெழுத்தும் குற்றெழுத்தும் அடைவு பெறும் ஓசையமைதி, இலத்தீன் உரைநடையில் ஏறத்தாழக் கைரேகை போன்றது. 1920-களின் இறுதியில் ஷூரிங் என்பார் இப்பனுவலின் மூன்று பகுதிகளையும் இவ்வகையில் ஒப்பிட்டு, மூன்றும் வேறுவேறு பழக்கம் உடையவை என்று காட்டினார். தொகுப்பாளர் தொடர்களை அடுக்கிச் சுற்றிவளைத்து எழுதுகிறார்; பெர்பேத்துவா 'உம்', 'உம்' என்று இணைத்துச் சிறு வாக்கியங்களில் நடக்கிறார். எரிக் அவர்பாக் அந்த எளிமையிலேயே புதியதோர் இலக்கிய நடையின் பிறப்பைக் கண்டார்.

அதைவிடச் சுவையானவை கிரேக்கச் சொற்கள். பெர்பேத்துவாவின் முதற்கனவில் வெண்கல ஏணி ஏறி அவர் அடையும் தோட்டத்தில், ஆடு கறக்கும் நரைமுடி மேய்ப்பர் அவரைத் 'தெக்னொன்' என்று, குழந்தாய் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால், இலத்தீன் வாக்கியத்தின் நடுவே அழைக்கிறார். மற்போர்க் களத்தின் புழுதிக்கும், இடைவெளிக்கும் அவர் கிரேக்கச் சொற்களையே போடுகிறார். சத்தூருஸின் காட்சியிலோ பெர்பேத்துவா ஆயரிடமும் மூப்பரிடமும் கிரேக்கத்தில் பேசியதாகவே வருகிறது. ஆக, ஒருவர் எழுத்தில் தற்செயலாகத் தெறிக்கும் மொழிக்கலப்பும், மற்றொருவர் அவரைப் பற்றிச் சொல்லும் செய்தியும் பொருந்துகின்றன. இருமொழிச் சூழலில் வாழ்பவர் கனவில் கேட்ட விளியை எந்த மொழியில் நினைவு கூர்வார் என்பதைத் திட்டமிட்டுப் போலியாக எழுதுபவன் பெரும் மேதையாக இருக்க வேண்டும். அத்தகைய மேதை மூன்றாம் நூற்றாண்டின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் ஒருவரே என்று சிலர் அவர்மேல் ஏற்றினர். தெர்த்துல்லியனோ சில ஆண்டுகளுக்குள் எழுதிய ஆன்மா பற்றிய நூலில், சத்தூருஸின் காட்சியைப் பெர்பேத்துவாவினுடையதாகத் தவறிச் சொல்கிறார். தாமே எழுதியதைத் தாமே தப்பாக மேற்கோள் காட்டினார் என்று கொள்ளப் பெரிய மனத்துணிவு வேண்டும்.

கேண்டிடா மாஸ் 2013-இல் வெளியிட்ட நூலைப் படிக்காமலே மேற்கோள் காட்டுபவர்கள் இப்போது மிகுந்துவிட்டனர். தொடக்கக் கிறிஸ்தவர்கள் இடைவிடாது வேட்டையாடப்பட்டனர் என்பது மிகை, உரோம அரசின் அடக்குமுறை இடத்துக்கு இடம் விட்டுவிட்டு நிகழ்ந்தது, மறைசாட்சிக் கதைகளில் பெரும்பாலானவை மிகப் பின்னால் எழுந்தவை என்னும் அவர் கருத்துகளுக்கு வலிமை உண்டு. புதியவையும் அல்ல, இயேசு சபையைச் சேர்ந்த இப்போலித் தெலஹே 1905-இலேயே புனிதர் கதைகளை ஈவிரக்கமின்றிச் சலித்துக் கழித்தவர். ஆனால் சலிப்பது என்றால் சல்லடையில் எதுவோ தங்கவும் வேண்டும். எல்லாவற்றையும் உமி என்று கொட்டுபவருக்குச் சல்லடை எதற்கு?

பழைய தெய்வங்களின் வாரிசுகளே புனிதர்கள் என்னும் கூற்றும் இதே வகைச் சோம்பல். தெய்வத்துக்குக் கோயில் உண்டு, கல்லறை இல்லை. மறைசாட்சி வணக்கத்துக்குத் தேவைப்பட்டவை ஒரு நாளும் ஓர் இடமும் ஒரு பெயரும். உரோமையில் 354-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள மறைசாட்சிகள் பட்டியல் அவ்வளவே தருகிறது: நாள், பெயர், புதைத்த இடம். பெரும்பாலும் உரோமை நகரத்தாரே இடம்பெறும் அதில், மார்ச் 7-க்கு நேரே ஆப்பிரிக்காவின் பெர்பேத்துவா, பெலிசித்தா பெயர்களும் உள்ளன. இறந்த நாளையே பிறந்த நாள் என்று கொண்டாடினர். கல்லறையருகே கூடி உண்டனர், குடித்தனர். குடி மிகுந்தபோது அகுஸ்தினார் சினந்து கடிதம் எழுதினார். அவருடைய தாய் மோனிக்கா மிலான் நகரில் ஆப்பிரிக்க வழக்கப்படி அப்பமும் கூழும் திராட்சை மதுவும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போக, ஆயர் அம்புரோசியாரின் தடையைச் சொல்லி வாயிற்காவலர் திருப்பி அனுப்பினார். கல்லறையில் சோறு வைக்கும் மனிதர்களைக் கண்டு முகம் சுளிக்கும் ஆயர்களும் பேராசிரியர்களும் எல்லாக் காலத்திலும் உண்டு. பீட்டர் பிரவுன் 1981-இல் எழுதிய நூல், படித்தோர் சமயம் பாமரர் சமயம் என்ற அந்த இரண்டடுக்கு மாதிரியையே கேள்விக்குள்ளாக்கிற்று. நாற்பது ஆண்டுகள் கடந்தும் இந்திய வகுப்பறைகளில் அந்த மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் ஐயவாதிகள் கணக்கில் எடுப்பதில்லை. அந்த எழுத்து இன்று கைக்குக் கிடைப்பதே வணக்கத்தால்தான். 393-இல் ஹிப்போவில் கூடிய ஆப்பிரிக்கச் சங்கம், விவிலிய நூல்கள் தவிர வேறெதையும் கோயிலில் வாசிக்கக்கூடாது என்று வரையறுத்துவிட்டு, மறைசாட்சிகளின் நினைவு நாளில் அவர்கள் பாடுகளை வாசிக்கலாம் என்று ஒரு விலக்கு அளித்தது. உரோமையிலோ, எழுதியவர் பெயர் தெரியாதவை என்ற காரணத்தால் அத்தகைய வாசிப்பைத் தவிர்ப்பதாகக் கெலாசியுஸின் பெயரால் வழங்கும் ஆணை கூறுகிறது. அறிவார்ந்த எச்சரிக்கைதான். ஆனால் ஆப்பிரிக்காவும் அதே எச்சரிக்கையோடு நடந்திருந்தால், ஒரு பெண் சிறையில் தன் மார்பு வீங்காமல் அடங்கியதைப் பற்றி எழுதியதை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் கோயிலில் நின்று கேட்டிருக்க மாட்டார்கள். படி எடுக்க எவருக்கும் காரணம் இருந்திராது. லூக்காஸ் ஹோல்ஸ்டேனியுஸ் மொந்தே கசீனோ மடத்தில் கண்டெடுத்த கைப்பிரதி 1663-இல் அச்சேறியது வரை அது மிகச் சில பிரதிகளிலேயே உயிர் பிழைத்திருந்தது. கிரேக்க வடிவம் 1889-இல்தான் எருசலேமில் ரெண்டல் ஹாரிஸின் கையில் சிக்கியது.

வணக்கம் காத்ததை விளக்கவுரை கெடுத்தது. பீடத்தின் பக்கம் திரும்ப வேண்டிய இடம் இது. அகுஸ்தினார் இவ்விருவரின் விழாவில் ஆற்றிய மறையுரைகள் எஞ்சியுள்ளன. பனுவல் வாசிக்கப்பட்ட உடனே பேசப்பட்டவை அவை. அவற்றில் பெர்பேத்துவா எழுதிய குடம் இல்லை, விளிச்சொல் இல்லை. வலுக்குறைந்த பாலினம் இத்தகைய வீரம் காட்டியதே வியப்பு என்ற பாராட்டு திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு பெயர்ச் சிலேடை: பெர்பேத்துவா என்றால் நிலையானது, பெலிசித்தா என்றால் பேரின்பம், இருவரும் சேர்ந்தால் நிலையான பேரின்பம். இரண்டு மனிதர்கள் ஒரு சொற்றொடராகிவிட்டனர்.

இதே அகுஸ்தினார் 420-ஐ ஒட்டி வேறொரு வழக்கில் இப்பனுவலைச் சந்திக்கிறார். ஏழு வயதில் முகத்தில் புண் வந்து இறந்த தம்பி தினோக்ராத்தெஸ் தாகத்தோடு தவிப்பதாகப் பெர்பேத்துவா ஒரு கனவில் காண்கிறார், அவனுக்காக மன்றாடுகிறார், மறு கனவில் அவன் நீர் குடித்து விளையாடுகிறான். திருமுழுக்குப் பெறாத குழந்தைக்கும் மீட்பு உண்டு என்று காட்ட வின்சென்தியுஸ் விக்தோர் என்பவர் இதை எடுத்துக்காட்ட, அது திருநூல் தொகுதியில் உள்ள எழுத்தன்று என்று அகுஸ்தினார் மறுக்கிறார். மறுக்கும்போதே போகிற போக்கில், அதை அவள்தான் எழுதினாளோ வேறு யார் எழுதினாரோ என்று ஓர் ஐயத்தையும் தூவிவிடுகிறார். விழாநாளில் அவள் புனிதை. கோட்பாட்டுக்கு இடைஞ்சல் தரும் நாளில் அவள் எழுதினாளா என்பதே சந்தேகம். பீடத்தின் குரலும் ஐயவாதியின் குரலும் ஒரே தொண்டையிலிருந்து புறப்பட்ட தருணம் அது. இன்றைய ஐயவாதிகள் தங்கள் முன்னோரைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கின்றனர்.

விழாவுக்கு வசதியான வடிவம் பின்னர் உருவாயிற்று. 'ஆக்தா' என்று வழங்கும் அந்தச் சுருக்கம் மூலத்தைவிடப் பன்மடங்கு பிரதிகளில் பரவியது; இடைக்காலம் அறிந்திருந்த பெர்பேத்துவா பெரும்பாலும் அதன் பெர்பேத்துவாதான். காலத்தைக்கூட அரை நூற்றாண்டு தள்ளி வலேரியன், கல்லியேனுஸ் பெயர்களோடு பொருத்துகிறது அது. மூலத்தில் பெர்பேத்துவாவின் கணவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏன் என்று ஆய்வாளர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கின்றனர். 'ஆக்தா' அந்த வெற்றிடத்தைப் பொறுக்கமாட்டாமல் கணவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. குழந்தையோடு அவர்கள் கெஞ்ச, அவள் குழந்தையைத் தூக்கி எறிந்து, அனைவரையும் விரட்டுகிறாள். மூலத்தில் நடப்பது வேறு: தீர்ப்புக்குப் பின் பெர்பேத்துவா ஆளனுப்பிக் குழந்தையைக் கேட்கிறார், தந்தை தர மறுக்கிறார், குழந்தைக்குப் பால் நினைவு விட்டுப்போய், மார்பும் வீங்காமல் அடங்கியதை ஓர் ஆறுதலாக அவர் குறித்துக்கொள்கிறார். உடலைத் தெரிந்த தாயின் குறிப்பு அது. அதை அழித்துவிட்டு, குழந்தையை வீசும் பொம்மையை வைத்தவர்களே பக்தி வளர்த்ததாகப் பாராட்டப்பட்டனர். பிரெண்ட் ஷா 1993-இல் இந்தக் கையகப்படுத்தலை விரிவாக எழுதினார். அதற்குப் பின்னும் மார்ச் மாத மறையுரைகள் 'ஆக்தா'வின் வழியிலேயே நடக்கின்றன.

சாட்சியம் இல்லாத மறைசாட்சியே பீடத்துக்கு உகந்தவர் என்பதற்கு மைசூருவில் கண்ணுக்கு எதிரே ஒரு சான்று நிற்கிறது. 1933-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய கோதிக் பாணிப் பேராலயம் புனித பிலோமினாவின் பெயரைத் தாங்குகிறது. 1802-இல் உரோமையின் பிரிஸ்கில்லா நிலவறைக் கல்லறையில் மூன்று ஓடுகளும் சில எலும்புகளும் கிடைத்தன. ஓடுகளின் எழுத்தை இடம் மாற்றிச் சேர்த்தால் 'பிலோமினாவே, உனக்குச் சமாதானம்' என்று வாசிக்கலாம். அறிந்தது அவ்வளவே. அரசன் மகள், பேரரசனின் காதலை மறுத்தவள், நங்கூரத்தில் கட்டி ஆற்றில் எறியப்பட்டவள் என்பதெல்லாம் 1833-இல் நேப்பிள்ஸ் துறவி ஒருவருக்குக் கிடைத்த வெளிப்பாடு. 1961-இல் அவர் பெயர் வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. மைசூருவின் நிலவறையில் மெழுகுத்திரி ஏற்றும் பெண்களை எள்ளுவதற்காக இது சொல்லப்படவில்லை. அவர்கள் கொண்டுவரும் துயரம் அவர்களுடையது, உண்மையானது. ஆனால் ஒரு வார்த்தையும் விட்டுச் செல்லாத பெண்ணுக்கு இத்தனை வசனங்கள் எழுதப்பட்டதும், பல பக்கங்கள் எழுதிச் சென்ற பெண்ணின் வசனங்கள் அழிக்கப்பட்டதும் ஒரே மரபில் நடந்தவை.

நாட்காட்டியும் இதில் குற்றமற்றது அன்று. மார்ச் 7 அக்வினாஸ் தோமாவும் இறந்த நாள். அவர் விழா அந்நாளில் ஏறியதும் ஆப்பிரிக்கப் பெண்கள் இருவரும் ஓரத்தில் ஒரு நினைவுக் குறிப்பாக ஒதுங்கினர். 1908-இல் மார்ச் 6-க்கு நகர்த்தப்பட்டனர். 1969-இல் தோமா சனவரி 28-க்குப் போன பிறகே தங்கள் நாளைத் திரும்பப் பெற்றனர். இறந்த நாளே அடையாளமான வணக்கத்தில், ஒரு பேராசிரியருக்கு இடம் விட்டுச் சாட்சிகள் எழுந்து நின்றிருக்கின்றனர்.

இதுவரை பெர்பேத்துவாவைப் பற்றியே பேச்சு போயிற்று. வழக்கமாகவே இப்படித்தான் போகும். அதுவே இறுதிக் குற்றச்சாட்டு. பக்தி இலக்கியம் பெலிசித்தாவைப் பெர்பேத்துவாவின் பணிப்பெண் ஆக்கிவிட்டது. நவீன அச்சுப்படங்கள் பலவற்றில் ஒருத்தி வெள்ளை நிறத்துச் சீமாட்டி, மற்றவள் கறுத்த நிறத்து ஏவலாள். மூலப் பனுவலில் இதற்குச் சிறிதும் ஆதாரம் இல்லை. ரெவொகாத்துஸின் 'கொன்செர்வா', அதாவது உடன் அடிமை, என்று மட்டுமே அவர் அறிமுகமாகிறார். யாருடைய அடிமை என்று சொல்லப்படவில்லை. நற்குடிப் பெண்ணருகே ஓர் அடிமைப் பெண் நின்றால் அவளுக்கு ஏவல் செய்யவே நிற்கிறாள் என்று வாசகர்களே நிரப்பிக்கொண்டனர். ஆறாம் நூற்றாண்டில் இராவென்னாவின் புதிய அப்பொலினாரிஸ் ஆலயத்தில் பளிங்குத் துண்டு பதித்த கலைஞன் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. இருவருக்கும் ஒரே பொன்னாடை, ஒரே முடி. இரண்டு தாய்மாரையும் கன்னியர் ஊர்வலத்தில் நிறுத்தியது வேறு வேடிக்கை.

அகுஸ்தினாரின் சிலேடையை இந்த வெளிச்சத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். நற்பேறு எனப் பொருள்படும் பெலிசித்தா என்பது எசமானர்கள் அடிமைகளுக்கு இட்ட பெயர்களில் அடிக்கடி காணப்படுவது. சந்தையில் வாங்கிய உடைமைக்கு இட்ட முத்திரையில் ஆயர் பேரின்பத்தைக் கண்டார். பெர்பேத்துவாவுக்கு வீபியா என்ற குலப்பெயர் இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை.

உரோமச் சட்டத்தில் அடிமையின் சாட்சியம் வதைத்துப் பெற்றதாக இருந்தால்தான் பொதுவாகச் செல்லும். 112-ஐ ஒட்டி ஆளுநர் இளைய பிளினி, கிறிஸ்தவர்களைப் பற்றிய உண்மையை அறிய இரண்டு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்ததைப் பேரரசர் திராயானுக்கு அலுவல் தொனியில் எழுதுகிறார். அவர்கள் பெயர்களை எழுதவில்லை. அச்சமூகத்தில் ஓர் அடிமைப் பெண்ணைச் 'சாட்சி' என்று அழைப்பது பக்திச் சொல் மட்டும் அன்று. சட்டம் மறுத்த தகுதியை அளிப்பது. 'தியாகி' என்று மாற்றியதும் அந்தத் தகுதி பறிபோகிறது. எசமானர்களுக்காக அடிமைகள் காலங்காலமாகத் தியாகம் செய்தே வந்திருக்கின்றனர். அதில் புதுமை என்ன?

பெலிசித்தா எழுதவில்லை, எழுதத் தெரிந்திருந்ததா என்பதும் பனுவலில் இல்லை. ஆனால் பேசியிருக்கிறார். எட்டு மாதக் கருவோடு சிறைப்பட்டவர் அவர். கருவுற்ற பெண்ணைக் கொல்லச் சட்டம் இடம் தராததால், தோழர்கள் போன பின் தனியே, வேறு குற்றவாளிகளோடு சாக நேருமே என்பதே அவர் கவலை. காட்சிக்கு இரண்டு நாள் முன்பு வலி கண்டது. குறைமாதப் பேற்றின் வேதனையில் அவர் முனகியபோது, சிறைப் பணியாள் ஒருவன், இதற்கே இப்படி என்றால் விலங்குகளின் முன் என்ன செய்வாய் என்று குத்தலாகக் கேட்டான். இப்போது படும் பாடு தன்னுடையது. அங்கே தனக்குள் இன்னொருவர் இருந்து தனக்காகப் படுவார், தான் அவருக்காகப் படப்போவதால் என்ற கருத்தில் அவர் விடை சொன்னார். வலியின் வழியே அடிமையின் வாயைத் திறப்பது அரசின் முறை. இங்கே வலி இருக்கிறது, திறந்த வாய் இருக்கிறது, அரசு கேட்ட விடை இல்லை. பெண் குழந்தை பிறந்தது. சகோதரி ஒருவர் அதைத் தம் மகளாக வளர்த்தார் என்று தொகுப்பாளர் ஒரு வாக்கியத்தில் முடிக்கிறார்.

பெண் எழுத்தை மீட்டெடுத்த பெண்ணிய வாசிப்புக்குக் கடன்பட்டிராதவர் யாருமில்லை. பீட்டர் டிரோங்கே 1984-இல் இடைக்காலப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி எழுதிய நூலைப் பெர்பேத்துவாவிலிருந்து தொடங்கியது, வகுப்பறைகளின் வாசிப்பையே மாற்றியது. ஆனால் அதன் பிறகு பாடத்திட்டங்கள் பெர்பேத்துவா எழுதிய மூன்றாம் அதிகாரம் முதல் பத்தாம் அதிகாரம் வரை மட்டும் கத்தரித்து மாணவர் கையில் கொடுக்கப் பழகிவிட்டன. பெலிசித்தா பேசுவது பதினைந்தாம் அதிகாரத்தில். எழுதத் தெரிந்தவளின் பக்கங்களோடு நகல் எடுப்பு நின்றுவிடுகிறது. அடுத்த பருவத்தில் இப்பனுவலைப் பாடமாக வைப்பவர்கள் இன்னும் சில தாள்கள் செலவிட்டு இருபத்தொன்றாம் அதிகாரம் வரை நகலெடுக்கட்டும். அரங்கில் வெறிப்பசு முட்டிச் சாய்த்த பின், கலைந்த கூந்தலை முடிந்துகொண்டு எழுந்த பெர்பேத்துவா, நசுங்கிக் கிடந்த பெலிசித்தாவைக் கண்டு அருகே சென்று கைகொடுத்துத் தூக்கிவிடுவதும், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதும் அந்தத் தாள்களில் இருக்கின்றன.